பேஸ் கிட்டார் ஆம்ப்பின் எடையும் வாசிப்பவரின் முதுகும்

பேஸ் கிட்டார் ஆம்ப் என்பது பேஸ் கிட்டாரின் தாழ்ந்த சுரங்களைப் பெருக்கி, மேடையில் கேட்கும்படி செய்யும் கருவி. மின்குறிப்பைப் பெருக்கும் பகுதி 'ஹெட்' என்றும், ஸ்பீக்கர் பொருத்திய மரப்பெட்டி 'கேபினட்' அல்லது வெறுமனே 'பாக்ஸ்' என்றும் அழைக்கப்படுகின்றன. இரண்டும் ஒரே பெட்டியில் அமைந்தால் அது 'காம்போ'. மெல்லிசைக் குழுக்களில் வாசிப்போர் மூன்றையும் சேர்த்து ஆம்ப் என்றே சொல்வது வழக்கம். இசைக்குழுவின் கருவிகளில் நீண்ட காலம் அதிக எடை கொண்டிருந்தவற்றுள் இது ஒன்று. கடந்த 25 ஆண்டுகளில் இதன் எடை பெருமளவு குறைந்துள்ளது. முதுகுவலியால் வாசிப்பையே விடும் நிலைக்கு வந்தவர்கள் பலர் இந்த மாற்றத்தால் தொழிலில் நீடிக்க முடிகிறது. எடை எப்படிக் குறைந்தது, குறைந்த எடையால் எது கிடைக்கும், எது கிடைக்காது, நம் ஊர் மேடைகளுக்கு எது பொருந்தும் என்பவற்றை இக்கட்டுரை விளக்குகிறது.

ஊர் மேடையும் சுமையும்

அரியலூர் மாவட்டத்தின் கீழப்பழுவூர், அரியலூரிலிருந்து திருவையாறு, தஞ்சாவூர் செல்லும் சாலையும் திருச்சிராப்பள்ளி–சிதம்பரம் சாலையும் சந்திக்கும் ஊர். சம்பந்தர் பாடிய ஆலந்துறையார் கோயில் இங்குள்ளது. பழுவேட்டரையர் காலக் கோயில்கள் உள்ள மேலப்பழுவூர் அருகில் இருக்கிறது. இத்தகைய சாலைச் சந்திப்பு ஊர்களின் வழியாகத்தான் கோடைக்காலத் திருவிழாக்களுக்கு மெல்லிசைக் குழுக்களின் வேன்கள் போய்வருகின்றன. பங்குனி, சித்திரை, வைகாசி, ஆடி ஆகிய மாதங்களில் ஒரே வாரத்தில் இரண்டு மூன்று ஊர்களில் கச்சேரி அமைவது புதிதல்ல.

இந்த மேடைகளின் அமைப்பே முதுகுக்கு எதிரானது. சவுக்குக் கம்பும் பலகையும் கொண்டு நான்கடி உயரத்தில் போடும் மேடைக்குப் பல இடங்களில் படி இருக்காது. சில ஊர்களில் டிராக்டர் டிரெய்லரே மேடை. பெட்டியை வேனிலிருந்து கீழே இறக்கி, மண்ணிலும் கல்லிலும் தூக்கி நடந்து, பிறகு நெஞ்சு உயரத்துக்கு ஏற்ற வேண்டும். கச்சேரி முடிந்ததும் தூக்கக் கலக்கத்தில் அதே வேலையைத் தலைகீழாகச் செய்ய வேண்டும். நகரத்து அரங்கில் சக்கரம் வைத்த பெட்டியைத் தள்ளிக்கொண்டு போகலாம். மணல் கொட்டிய கோயில் திடலில் சக்கரம் புதைந்து நிற்கும். வெளிநாட்டு வாசிப்பாளர்களுக்காக எழுதப்படும் ஆலோசனைகளில் சக்கரம் முதலிடம் பெறுவதையும், நம் ஊர்களில் அது அவ்வளவு பயன்படாததையும் இங்கே சொல்லி வைப்பது நல்லது.

பேஸ் வாசிப்பவர் மட்டும்தான் சுமக்கிறார் என்று கொள்ள வேண்டாம். தவில் வாசிப்பவர் ஊர்வலம் முழுவதும் கருவியைத் தோளில் தொங்கவிட்டே நடக்கிறார். தவிலுக்கு இரும்பு வளையமும் திருகும் வந்த பிறகு அந்தச் சுமை கூடியதே தவிரக் குறையவில்லை. ஆனால் தவிலின் எடையைக் குறைத்தால் நாதம் மாறும். பேஸ் ஆம்ப்பில் எடையின் பெரும்பகுதிக்கும் நாதத்துக்கும் நேரடித் தொடர்பு இல்லை. அதனால்தான் அதைக் குறைக்க முடிந்தது.

எடை எங்கே இருந்தது

சாதாரண கிட்டாரின் மிகத் தாழ்ந்த கம்பி நொடிக்கு ஏறத்தாழ 82 முறை அதிர்கிறது. நான்கு கம்பி பேஸ் கிட்டாரின் தாழ்ந்த கம்பி அதில் பாதி, அதாவது 41 முறை அதிர்கிறது. ஐந்தாவது கம்பி இருந்தால் 31 வரை இறங்கும். ஒரு ஸ்பீக்கர் அதே ஒலியளவை ஒரு ஸ்தாயி கீழே தர வேண்டுமானால் அதன் கூம்பு நான்கு மடங்கு தூரம் முன்னும் பின்னும் அசைய வேண்டும். மனிதக் காதோ தாழ்ந்த ஒலிகளை அவ்வளவு கூர்மையாகக் கேட்பதில்லை. ஆகவே பேஸுக்கு மற்றக் கருவிகளைவிடப் பல மடங்கு வாட் தேவைப்படுகிறது. அதிக வாட் என்றால் பெரிய மின்மாற்றி, பெரிய காந்தம், அதிராத கனமான மரப்பெட்டி. பழைய ஆம்ப்பின் கனம் இப்படித்தான் சேர்ந்தது.

1951-ல் லியோ ஃபெண்டர் தம் பிரிசிஷன் பேஸை வெளியிட்டபோது அதற்கென்றே ஒரு ஆம்ப்பும் வேண்டியிருந்தது. அடுத்த ஆண்டு 'பேஸ்மேன்' வந்தது. அரங்குகள் பெரிதாகப் பெரிதாக ஆம்ப்பும் பெரிதானது. 1969-ல் ஆம்ப்பெக் நிறுவனம் வெளியிட்ட எஸ்.வி.டி. அதன் உச்சம். வெற்றிடக் குழாய்களால் இயங்கிய இந்த 300 வாட் ஹெட் மட்டும் 38 கிலோ அளவு இருந்தது. அதனுடன் சேரும் எட்டு 10 அங்குல ஸ்பீக்கர் பெட்டி, இன்றைய வடிவில் 60 கிலோவுக்கும் மேல். இரண்டையும் சேர்த்தால் இரண்டு நெல் மூட்டைக்கு ஒப்பான சுமை. மேடையில் அதற்கு ஈடான ஒலி அரிது என்று இன்றும் சொல்வார்கள். உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் அதைத் தூக்க நான்கு ஆட்களை வைத்திருந்த குழுக்களுக்காகச் செய்யப்பட்ட கருவி அது.

எடையைக் குறைத்த மாற்றங்கள்

முதல் மாற்றம் மின்வழங்கியில் நேர்ந்தது. வீட்டு மின்சாரம் நொடிக்கு 50 சுற்றுகளாக அலைகிறது. இந்த மெதுவான அலைவில் பெரும் திறனைக் கடத்த மின்மாற்றிக்கு நிறைய இரும்பும் செம்பும் வேண்டும். 500 வாட் தரத்து மின்மாற்றி ஒன்றே 4, 5 கிலோ வரும். அதே மின்சாரத்தை முதலில் நேர்மின்னாக்கி, மின்னணுச் சாவிகளால் நொடிக்கு ஒரு லட்சம் முறை போலத் திறந்து மூடினால், மின்மாற்றி உள்ளங்கையில் அடங்கும் அளவுக்குச் சிறுத்துவிடும். இதற்கு ஸ்விட்ச் மோடு மின்வழங்கி என்று பெயர். கைப்பேசி சார்ஜருக்குள் இருப்பதும் இதே தத்துவம்தான். 1970-களிலேயே அமெரிக்கரான வால்ட்டர் உட்ஸ் ஜாஸ் இசையின் பேஸ் வாசிப்பாளர்களுக்காகக் கையில் தூக்கிப்போகும் அளவு சிறிய ஆம்ப்களைக் கையால் செய்து தந்தார். அவை பெரிய நிறுவனங்களின் கவனத்துக்கு வர நெடுநாள் ஆனது.

இரண்டாவது, 'டி வகுப்பு' பெருக்கம். டிஜிட்டல் என்பதன் முதலெழுத்து இது என்று பலர் நினைக்கிறார்கள். அது தவறு. ஏ, பி, சி என்ற வகுப்புகளுக்கு அடுத்து வந்ததால் டி. பழைய வகைப் பெருக்கியில் டிரான்சிஸ்டர்கள் குழாயைப் பாதி திறந்து வைத்ததுபோல இயங்கும். மின்சாரத்தின் பெரும் பங்கு வெப்பமாக வீணாகும். அந்த வெப்பத்தை வெளியேற்றக் கனமான அலுமினியத் தகடுகள் தேவைப்பட்டன. டி வகுப்பில் டிரான்சிஸ்டர் முழுக்கத் திறந்திருக்கும் அல்லது முழுக்க மூடியிருக்கும். திறந்திருக்கும் நேரத்தின் அளவை மாற்றியே ஒலி உருவாகிறது. பயன்திறன் 90 விழுக்காடு அளவுக்குப் போகிறது. வெப்பம் குறைந்ததால் அலுமினியமும் குறைந்தது.

இவ்விரண்டின் விளைவு எண்களில் தெரிகிறது. இத்தாலியின் மார்க்பேஸ் நிறுவனம் இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் வெளியிட்ட 'லிட்டில் மார்க்' வரிசையின் 500 வாட் ஹெட் 3 கிலோவுக்குள் அடங்கியது. அகுயிலார் நிறுவனத்தின் 'டோன் ஹேமர் 500' சுமார் 1.8 கிலோ. கேலியன்-க்ரூகரின் 200 வாட் 'எம்.பி.200' ஏறத்தாழ 1 கிலோ. பேஸ் கிட்டாரின் உறையிலேயே உள்ள பையில் இதை வைத்துக்கொண்டு பேருந்தில் ஏறிவிடலாம்.

மூன்றாவது மாற்றம் காந்தம். பழைய ஸ்பீக்கர்களின் பின்புறம் தடித்த ஃபெரைட் காந்தம் இருக்கும். நியோடிமியம், இரும்பு, போரான் சேர்ந்த காந்தத்தை 1980-களின் தொடக்கத்தில் ஜப்பானில் சுமிட்டோமோ நிறுவனத்தின் மசாட்டோ சாகாவாவும் அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸ் ஆய்வாளர்களும் தனித்தனியே உருவாக்கினர். அதே பருமனில் ஃபெரைட்டைவிட ஏறத்தாழ பத்து மடங்கு ஆற்றலைத் தேக்கும் காந்தம் இது. 12 அங்குல ஃபெரைட் ஸ்பீக்கர் 5 முதல் 8 கிலோ இருந்த இடத்தில் நியோடிமியம் ஸ்பீக்கர் 2 முதல் 4 கிலோவில் முடிகிறது. இதில் ஒரு சிக்கலும் உண்டு. இந்த உலோகத்தின் பெரும்பகுதி சீனாவிலிருந்து வருகிறது. 2011-ல் ஏற்றுமதிக் கட்டுப்பாட்டால் விலை பல மடங்கு ஏறியபோது சில நிறுவனங்கள் மீண்டும் ஃபெரைட்டுக்கே திரும்பின. ஆகவே 'எடை குறைந்தது' என்று விற்கப்படும் எல்லாப் பெட்டியிலும் நியோடிமியம் இருக்கும் என்பதில்லை. பெட்டிக்குப் பயன்படும் பலகையும் முக்கியம். அழுத்திய மரத்தூள் பலகையைவிடப் பாப்லர் ஒட்டுப்பலகை ஏறத்தாழ 40 விழுக்காடு எடை குறைவு. உட்புறம் சட்டம் கொடுத்து இறுக்கினால் அதிர்வும் அடங்கும்.

எடையோடு போகாதது

வாட் எண்ணைப் பார்த்து வாங்குவது இத்துறையில் மிகச் சாதாரணமான தவறு. வாட் இரட்டிப்பானால் ஒலியளவு 3 டெசிபெல் மட்டுமே கூடும். அது காதுக்குச் சற்றுக் கூடியதாகத் தோன்றும், அவ்வளவே. ஸ்பீக்கரின் உணர்திறன் 3 டெசிபெல் அதிகமாக இருந்தால், பாதி வாட்டில் அதே ஒலி கிடைக்கும். விளம்பரத்தில் பெரிய எழுத்தில் இருப்பது வாட். உணர்திறனோ பின்பக்கத்துக் குறிப்பேட்டில் இருக்கும், சில சமயம் இருக்கவே இருக்காது.

ஹெட்டின் முழு வாட் பெரும்பாலும் 4 ஓம் சுமையில் சொல்லப்படுவது. ஒரே ஒரு 8 ஓம் பெட்டியைச் சேர்த்தால் அதில் பாதிக்குச் சற்றுக் கூடுதலே கிடைக்கும். ஃபெண்டரின் 'ரம்பிள் 500' காம்போ இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அதன் உள் ஸ்பீக்கர்களுடன் மட்டும் 350 வாட்தான். வெளியே இன்னொரு பெட்டியைச் சேர்த்தால்தான் 500.

பெட்டியைப் பொறுத்தவரை ஒரு விதியை யாராலும் மீற முடியவில்லை. கே.எல்.எச். நிறுவனத்தின் நிறுவனர்களில் ஒருவரான ஆன்டன் ஹாஃப்மன் பெயரால் அது 'ஹாஃப்மனின் இரும்பு விதி' எனப்படுகிறது. ஆழமான தாழ்சுரம், அதிக ஒலித்திறன், சிறிய பெட்டி ஆகிய மூன்றில் இரண்டைத்தான் பெற முடியும். காந்தம் சிறுத்தாலும் காற்றின் இயல்பு மாறுவதில்லை. கைக்கு அடக்கமான 10 அங்குலப் பெட்டி 41 அதிர்வுச் சுரத்தைத் திடல் முழுவதும் கேட்கும்படி தரும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டியதில்லை.

ஆனால் அப்படித் தர வேண்டிய தேவை இருக்கிறதா என்பதே அதைவிட முக்கியமான கேள்வி. ஒரு சுரத்தின் அடி அதிர்வு காதுக்கு எட்டாவிட்டாலும், அதன் இரு மடங்கு, மும்மடங்கு அதிர்வுகள் எட்டினால் மூளை அந்தச் சுரத்தைத் தானே கூட்டிக் கேட்டுக்கொள்கிறது. சிறிய வானொலியில்கூடப் பேஸ் வரி புரிவதற்கு இதுவே காரணம். தமிழ்த் திரையிசையில் இதற்குத் தனி முக்கியத்துவம் உண்டு. இளையராஜாவின் பாடல்களில் பேஸ் வெறும் தாங்குதல் அல்ல, பல இடங்களில் இரண்டாவது மெட்டு. அவருக்கு நெடுங்காலம் வாசித்த சசிதரனின் வரிகளையும், ஏ. ஆர். ரகுமானின் இசையில் கீத் பீட்டர்ஸ் வாசித்தவற்றையும் ஊர் ரசிகர்கள் பலர் பெயர் தெரியாமலேயே மனப்பாடமாக வைத்திருக்கிறார்கள். அந்த மெட்டு தெளிவாகக் கேட்பது ஏறத்தாழ 100 முதல் 800 அதிர்வு வரையிலான இடைப்பகுதியில். அதை நல்ல சிறிய பெட்டி தாராளமாகத் தரும். வயிற்றை அதிரவைக்கும் அடிப்பகுதி மைக்செட்காரரின் சப் பெட்டிகளின் வேலை.

ஆம்ப் இல்லாத வழி

குழாய் ஸ்பீக்கர்கள் மட்டும் இருந்த காலத்தில் பேஸ் கிட்டார் மேடையைத் தாண்டிப் போகவே போகாது. அந்தக் கூம்பு தாழ்ந்த ஒலிகளை வெளிவிடும் அளவு பெரிதல்ல. அன்று வாசிப்பவர் கொண்டுவரும் பெட்டியே பேஸுக்கு ஒரே கதி. இன்று குட்டியானை வண்டியில் வந்து இறங்கும் சாதாரண மைக்செட்டிலும் 18 அங்குல சப் பெட்டிகள் இரண்டாவது இருக்கும். எனவே பேஸை நேரடியாக மிக்சரில் செருகுவதே முதலில் யோசிக்க வேண்டிய வழி.

இதற்கு வேண்டியது டி.ஐ. பெட்டி என்னும் உள்ளங்கையளவுக் கருவி. கிட்டாரின் பலவீனமான குறிப்பை நீண்ட கம்பிவழி இரைச்சலின்றி அனுப்ப இது உதவும். இதில் உள்ள 'கிரவுண்ட் லிஃப்ட்' சாவி, மேடை மின்சாரத்தால் வரும் ஹம் ஒலியை நீக்கும். ஒலியின் தன்மையை மாற்றும் வசதியும் சேர்ந்த பிரீஆம்ப் பெடல்கள் அரை கிலோ அளவே இருக்கும். காது உள்ளே வைக்கும் மானிட்டர் பழகிக்கொண்டால், மேடைக்கு ஒரு பெட்டிகூடத் தேவையில்லை. முதுகு ஏற்கெனவே கெட்டுப்போனவருக்கு இதைவிட நல்ல வழி இல்லை.

இதன் குறை தெரிந்ததுதான். வாசிப்பவரின் ஒலி முழுக்க மைக்செட்காரர் கையில் போய்விடுகிறது. பாடகருக்கு மானிட்டர் கொடுத்துவிட்டுப் பேஸ் வாசிப்பவருக்குக் கொடுக்க மறக்கும் ஊர்கள் உண்டு. சப் பெட்டியின் முழக்கம் மேடைக்குப் பின்புறமும் வந்து சேரும். ஆனால் அதில் சுரம் தெரியாது, இடிதான் தெரியும். அந்த இடியை நம்பி வாசித்தால் தாளம் பிசகும். ஆகவே பலரும் நடுவழியைத் தேர்கிறார்கள். மிக்சருக்கு ஒரு வரி, தம் காதுக்கு மட்டும் 8 அல்லது 10 கிலோ எடையுள்ள சிறு காம்போ. ஃபெண்டரின் 'ரம்பிள் 40' சுமார் 8 கிலோ, 12 அங்குல ஸ்பீக்கர் உள்ள 'ரம்பிள் 100' சுமார் 10 கிலோ. வேறு நிறுவனங்களும் இதே எடையில் செய்கின்றன. அந்தக் காம்போவைத் தரையில் வைக்காமல் ஒரு நாற்காலியில் வைத்தால் ஒலி கணுக்காலுக்குப் போகாமல் காதுக்கு வரும். பாதி ஒலியளவு போதும். திரும்ப எடுக்கும்போது தரைவரை குனியவும் வேண்டாம்.

பெடலிலோ ஆம்ப்பிலோ 'ஹை-பாஸ்' வடிகட்டி இருந்தால் 40 அதிர்வுக்குக் கீழே வெட்டிவிடுவது நல்லது. சிறு ஸ்பீக்கரால் தர முடியாத அந்தப் பகுதி வாட்டையும் கூம்பின் அசைவையும் வீணாகத் தின்கிறது.

முதுகில் நிகழ்வது

எடையைவிட அது உடலிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறது என்பதே முதுகுக்கு முக்கியம். முதுகுத்தண்டின் அடிப்பகுதியை அச்சாக வைத்துக்கொண்டால், பின்புறத் தசைகள் அதிலிருந்து ஏறத்தாழ 5 செ.மீ. தொலைவிலிருந்து இழுக்கின்றன. 20 கிலோ பெட்டியை உடலோடு ஒட்டி 25 செ.மீ. தொலைவில் பிடித்தால், அதைச் சமன்செய்யத் தசைகள் 100 கிலோ அளவு இழுவிசை தர வேண்டும். வேனின் உள்மூலையிலிருந்து கைநீட்டி 50 செ.மீ. தொலைவில் அதே பெட்டியைத் தூக்கினால் 200 கிலோ. குனிந்திருக்கும் உடலின் எடை இதற்குமேல் தனி. தசை இழுக்கும் விசையும் முதுகெலும்பு வட்டுகளை அழுத்துகிறது. கனமான பெட்டிகள் அகலமாகவும் இருப்பதால் அவற்றை உடலோடு ஒட்டிப் பிடிக்கவே முடியாது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

அமெரிக்கத் தொழில்நலப் பாதுகாப்பு நிறுவனம் 1991-ல் திருத்திய கணக்கில், எல்லாச் சூழலும் சாதகமாக இருந்தாலும் ஒருவர் தூக்கத்தக்க அளவு 23 கிலோதான். எட்டும் தூரம், திரும்பல், தூக்கும் முறைகளின் எண்ணிக்கை ஆகியவற்றால் அது குறைந்துகொண்டே போகும். பிரிட்டனின் வழிகாட்டுதலில் இடுப்பு உயரத்தில் உடலோடு ஒட்டித் தூக்க ஆணுக்கு 25 கிலோ, பெண்ணுக்கு 16 கிலோ. தரையிலிருந்தும் தோளுக்கு மேலும் தூக்க ஆணுக்கு 10 கிலோ. நான்கடி மேடைக்கு ஏற்றும் வேலை இந்தக் கடைசி எண்ணுக்கு மிக அருகில் வருகிறது. ஆகவே ஒரு கையில் ஒரு பெட்டி, எதுவும் 10, 12 கிலோவுக்கு மேல் போகக்கூடாது என்று வைத்துக்கொள்வது நியாயமான அளவுகோல். 24 கிலோ காம்போ ஒன்றைவிட, 2 கிலோ ஹெட்டும் 11 கிலோவில் இரண்டு பெட்டிகளும் மேல். மொத்த எடை ஒன்றுதான், ஆனால் ஒரே நேரத்தில் தூக்கும் எடை பாதி. சின்ன ஊர்க் கச்சேரிக்கு ஒரு பெட்டியை வீட்டிலேயே விட்டுவிடவும் முடியும்.

நேரமும் கணக்கில் வரும். மூன்று மணி நேரம் வேனில் உட்கார்ந்து வந்து இறங்கிய உடனே பெட்டியைத் தூக்குவது மோசமான பழக்கம். நெடுநேரம் வளைந்து உட்கார்ந்த பின் முதுகின் தசைநார்கள் தளர்ந்திருக்கும். பத்து நிமிடம் நடந்துவிட்டு, ஒரு டீ குடித்துவிட்டுத் தூக்குவது வட்டுகளுக்கு நல்லது. விடியற்காலையில் ஊர் திரும்பி, கொஞ்சம் தூங்கி எழுந்ததும் வேனைக் காலிசெய்வதும் இதே வகைதான். படுத்து எழுந்த முதல் ஒரு மணி நேரத்தில் வட்டுகள் நீர் ஏறி உப்பியிருப்பதால், குனிந்தால் அவற்றின்மீது அழுத்தம் கூடும்.

வலி காலுக்கு இறங்குவது, கால் மரத்துப்போவது, சிறுநீர் கட்டுப்பாடு குறைவது ஆகியவை ஆம்ப்பை மாற்றித் தீரும் விஷயங்கள் அல்ல. உடனே மருத்துவரைப் பார்க்க வேண்டியவை.

தோளில் தொங்கும் எடை

சில சமயம் குற்றவாளி ஆம்ப் அல்ல, கிட்டாரே. பேஸ் கிட்டார் பொதுவாக 3.5 முதல் 4.5 கிலோ. ஐந்து கம்பிக் கருவிகள் அதையும் தாண்டும். நான்கு மணி நேரம் ஒரே தோளில் தொங்கினால் முதுகு ஒரு பக்கமாக வளையும். மூன்று அல்லது நான்கு அங்குல அகலமுள்ள, உட்புறம் மெத்தை வைத்த தோள்பட்டை மிக மலிவான தீர்வு. பலர் ஆயிரக்கணக்கில் ஆம்ப்புக்குச் செலவிட்டபின் கடைசியாக இதைக் கண்டுபிடிக்கிறார்கள். மெல்லிய மரத்தில் செய்த உடலுக்குக் கனமான கழுத்து சேர்ந்தால் கழுத்துப் பக்கம் சரியும். அதை இடக்கையால் தாங்கிக்கொண்டே வாசிப்பதும் தோளுக்குக் கேடு. நெட் ஸ்டைன்பெர்கர் 1980-ஐ ஒட்டி வெளியிட்ட தலையில்லாத பேஸ் இந்தச் சரிவை நீக்கியது. சுருதித் திருகுகளை உடலின் அடிப்பக்கம் கொண்டுபோனதால் கழுத்தின் முனையில் எடையே இல்லை. இன்று பல நிறுவனங்கள் அந்த வடிவைச் செய்கின்றன. பாட்டுக்கிடையே உயரமான ஸ்டூலில் உட்கார்ந்து வாசிப்பதை மரியாதைக் குறைவாக நினைக்கும் குழுக்கள் உண்டு. அதற்கு இசைக் காரணம் எதுவும் இல்லை.

மின்சாரம், தூசி, பழுது

எடை குறைந்த கருவிகளின் பலவீனம் மின்சாரத்தில்தான் வெளிப்படும். ஸ்விட்ச் மோடு மின்வழங்கிகளில் சில 100 முதல் 240 வோல்ட் வரை எதையும் ஏற்கும். திருவிழா இரவில் சீரியல் விளக்கெல்லாம் எரியும்போது மின்னழுத்தம் 180-க்கு இறங்கினாலும் அவை சளைக்காது. பழைய மின்மாற்றி ஆம்ப் அப்போது வலுவிழந்து கரகரக்கும். ஆனால் வேறு சில கருவிகள் 230 வோல்ட்டுக்கு மட்டுமே அமைந்தவை, அல்லது பின்புறச் சாவியால் 115, 230 என மாற்றப்படுபவை. வெளிநாட்டிலிருந்து உறவினர் கொண்டுவந்த ஆம்ப்பைச் செருகுமுன் அந்தச் சாவியைப் பார்க்காவிட்டால் ஒரு நொடியில் எல்லாம் முடிந்துவிடும். ஜெனரேட்டர் தொடங்கும்போதும் மாறும்போதும் மின்னழுத்தம் எகிறும். அப்போது ஆம்ப் அணைந்திருக்க வேண்டும்.

மேடைக்கு வரும் மூன்று முனைச் செருகியில் மூன்றாவது முனை எங்கும் போகாமல் நிற்பதும் நடப்பதே. கம்பியைத் தொட்டுக்கொண்டு மைக்கில் உதடு படும்போது ஷாக் அடித்தால் காரணம் இதுதான். ஹம் ஒலி நிற்க எர்த் முனையைப் பிடுங்கிவிடும் பழக்கம் உயிருக்கு ஆபத்தானது. டி.ஐ. பெட்டியின் கிரவுண்ட் லிஃப்ட் சாவி அதற்காகவே இருக்கிறது.

அரியலூர்ப் பகுதியில் சிமெண்ட் ஆலைகளும் சுண்ணாம்புக்கல் சுரங்கங்களும் அதிகம். கோடையில் புழுதியும் அதிகம். சிறிய ஹெட்கள் சின்ன விசிறியால் குளிர்பவை. விசிறித் துளை தூசியால் அடைத்தால் ஹெட் சூடேறித் தானே அணைந்துவிடும். மாதம் ஒருமுறை தூரிகையால் துடைப்பதும், ஹெட்டைத் துணி விரித்த இடத்தில் வைக்காமலிருப்பதும் போதும்.

பழுது பார்ப்பதில் பழைய கருவிகளே மேல் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். அகுஜா ஆம்ப்ளிஃபயரில் டிரான்சிஸ்டர் போனால் மாவட்டத் தலைநகரிலேயே மாற்றித் தர ஆள் கிடைப்பார். டி வகுப்பு ஹெட்டின் பலகையில் உள்ள பாகங்கள் அரிசிக் குருணை அளவில் இருக்கும். பெரும்பாலும் முழுப் பலகையையே மாற்ற வேண்டும், அது இறக்குமதியாகி வர வாரக்கணக்கில் ஆகும். சென்னை ரிச்சி தெருவில்கூட அந்தக் குறிப்பிட்ட பலகை கிடைக்கும் என்ற உறுதியில்லை. திருவிழாப் பருவத்தில் அது வருமான இழப்பு. ஆகவே எடை குறைந்த ஹெட்டை நம்பித் தொழில் செய்பவர் பையில் ஒரு டி.ஐ. பெட்டியையும் வைத்துக்கொள்கிறார். ஹெட் கைவிட்டால் நேரே மிக்சருக்குப் போகலாம்.

வாங்கும்போது

திருச்சி, சென்னைக் கடைகளில் ஆம்ப்பைச் சோதிப்பவர்கள் பெரும்பாலும் ஒலியை மட்டும் கேட்டுவிட்டு வருகிறார்கள். அதைத் தூக்கிப் பார்க்க வேண்டும். தரையிலிருந்து எடுத்து, கடைக்குள் இருபது அடி நடந்து, மேசைமேல் வைத்து இறக்கினால் எடைச் சீட்டு சொல்லாதது தெரியும். கைப்பிடி மேற்புறம் நடுவில் இருந்தால் பெட்டி தொடையில் இடிக்காமல் ஒரு கையில் தொங்கும். இருபக்கமும் மட்டும் பிடி இருந்தால் இரண்டு கையும் நீண்டு, முதுகு முன்னே வளையும். 12 கிலோ பெட்டி நல்ல பிடியுடன் இருந்தால், பிடி சரியில்லாத 9 கிலோ பெட்டியைவிட இலகுவாக இருக்கும்.

ஒலியைச் சோதிக்கும்போது தனியாக வாசித்துப் பார்ப்பது ஏமாற்றும். தனியே கேட்கும்போது அடிப்பகுதி ததும்பும் பெட்டிதான் இனிக்கும். டிரம்ஸும் கீபோர்டும் சேர்ந்தால் அந்த ததும்பல் மறைந்து, இடைப்பகுதி வலுவான பெட்டியே கேட்கும். கைப்பேசியில் தாள வாசிப்பு ஒன்றை ஓடவிட்டு, அதோடு சேர்த்து வாசித்துப் பார்க்கலாம். பழைய கருவி வாங்குபவர் ஸ்பீக்கர் கூம்பின் விளிம்பையும், ஒலியளவை ஏற்றும்போது விசிறி சுழல்கிறதா என்பதையும், அரைமணி நேரம் தொடர்ந்து ஓடியபின் ஒலி மாறுகிறதா என்பதையும் பார்ப்பது நல்லது.

பழைய 30 கிலோ காம்போ ஏற்கெனவே கையில் இருப்பவர் அதை விற்க வேண்டியதில்லை. அதைப் பயிற்சி அறையிலேயே நிரந்தரமாக வைத்துவிட்டு, கச்சேரிக்கு டி.ஐ. பெட்டியோடு போவது செலவில்லாத ஏற்பாடு. குழுவில் நான்கைந்து பேர் இருந்தால் ஒருவர் மட்டும் எல்லாப் பெட்டியையும் இறக்கும் வழக்கத்தை மாற்றி, கனமானதை இருவராகத் தூக்குவதற்கும் செலவில்லை.